சாய்கோட்டுக்கு வலப்புறம்

செந்தூல் மரண சகாய சங்கத்து உறுப்பினர் பட்டியல்,
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது வரி.
பெயர் மைகார்டில் உள்ளபடி இருக்கட்டும்,
உறவு மட்டும் தமிழில் வரட்டும்
என்றார் செயலாளர் சங்கிலிமுத்து.
நாளை மதியம் அச்சுக்குப் போகணும்.
கூலி நூற்றைம்பது வெள்ளி.

ஏ சாய்கோடு எல் என்றால் மகன்.
ஏ சாய்கோடு பி என்றால் மகள்.
அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.
முப்பது வருடமாக ஆளுக்கொரு விதமாய்த் தட்டியிருக்கிறார்கள்:
சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்தவர்,
இடைவெளி விட்டவர்,
ஒன்றுமே வைக்காமல் ஒட்டி எழுதியவர்.

சரி, கண்ணி வைத்துப் பிடிப்போம்.
தேடும் கட்டத்தில் ஓர் ஏ, ஒரு புள்ளி, ஒரு கேள்விக்குறி, ஓர் எல்.

தமிழில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போகும்.
இங்கே புள்ளி வைத்தால்
யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.
பக்கத்தில் கேள்விக்குறி நின்றால்
வராவிட்டாலும் பாதகமில்லை,
கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி.

எல்லாவற்றையும் மாற்று. அழுத்தினேன்.

ஜாலான் என்ற சொல்லின் வயிற்றில்
ஓர் ஏயும் எல்லும் ஒட்டிக் கிடப்பதை யோசிக்கவில்லை.
ஊரில் ஒரு சாலை மிச்சமில்லை.
ஜே மகன் ஏஎன் ஈப்போ.
கமலத்தின் வயிற்றில் ஒரு மகன், எழுபத்தொரு வயதில்.
கோபாலுக்கு வாலில் ஒரு மகன்.
கோலாலம்பூருக்கோ இரட்டை:
கேயூ மகன் மகன் யூஎம்பியூஆர்.
யார் பெற்ற பிள்ளையப்பா நீ என்று
திரையைக் கேட்டுத் தனியாகச் சிரித்தேன்.
கடைசி எல்ஆர்டி ஜன்னலை உலுக்கிவிட்டுப் போனது.
கண்ட்ரோல் இசட்.
கொடுத்த பிள்ளைகளையெல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் முறை வேலி கட்டினேன்.
முன்னால் ஓர் இடைவெளி, பின்னால் ஓர் இடைவெளி,
அதற்கப்புறம் ஒரு பெயர் வந்தே ஆகணும் என்று
புள்ளிக்குப் பக்கத்தில் கூட்டல் குறி.
கூட்டல் குறி கறாரான ஜாகா.
ஒருவராவது உடன் வந்தால்தான் கேட்டைத் திறப்பான்.

மகன்கள் சரியாக வந்தார்கள்.
மகள்கள் ஆயிரத்து எண்பத்தாறு என்றது திரை.
மைகார்டு எண் இரட்டையில் முடிகிறவர்களை எண்ணினேன்.
ஆயிரத்து எண்பத்தேழு.

ஒருத்தி குறைகிறாள்.

வரி ஆயிரத்து அறுநூற்று ஒன்பது.
சந்திரவதனி, ஏ சாய்கோடு பி, ஓர் இடைவெளி.
அப்புறம் வெள்ளை.
பண்டார் பாரு அடுக்குமாடி, பதினோராவது மாடி.
சந்தா ஒரு மாதமும் பாக்கியில்லை.

விடிந்ததும் கூப்பிட்டேன்.
"அப்பா பேரு விட்டுப்போயிருக்குக்கா."
பின்னால் எதையோ தாளிக்கும் சத்தம்.
"விட்டுப்போகலம்மா. அப்படித்தான் இருக்கு.
ஐசி எடுக்கறப்ப கேட்டாங்க,
பள்ளிக்கூடத்துல கேட்டாங்க,
இப்ப நீயும் கேட்டுட்ட."
அடுப்பை அணைத்துவிட்டாள் போல, சத்தம் நின்றது.
"நான் செத்தா பணம் வரும்தானே?"
வரும் என்றேன்.

ஒரு கோடு போட்டு விட்டுடு என்றார் சங்கிலிமுத்து.
கையால் தட்டினால் நாலு விநாடி வேலைதான்.
ஆனால் அடுத்த வருடம் வேறு யாராவது
இதே கண்ணியை எடுத்து வீசுவார்கள்,
அவள் மறுபடி கேட்டுக்கு வெளியே நிற்பாள்.

கூட்டல் குறியை அழித்தேன்.
அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம்.
நட்சத்திரம் எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள்ளும்,
எதுவும் வராவிட்டாலும்.

ஆயிரத்து எண்பத்தேழு.
சந்திரவதனி மகள்.

பதினொன்றரைக்கு அச்சகத்திலிருந்து போன்.
ஆயிரத்து அறுநூற்று ஒன்பதில் ஏதோ குறையுதே, பாக்கலியா?
பார்த்தேன், எண்ணிக்கை சரி,
அப்படியே அடிங்க என்றேன்.